1.பி3 ஓப்பனிங்: நிம்சோவிச்–லார்சன் தாக்குதலை ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களோடு உட்காருபவர் 1.இ4 அல்லது 1.டி4 ஆடுவார் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் தயாராகி வருகிறார்கள். ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி 1.பி3 என்று ஆடினால் அந்தத் தயாரிப்பில் பாதி அங்கேயே வீணாகிவிடுகிறது. அடுத்த நகர்த்தலில் மந்திரி பி2-க்கு வந்து, ஏ1-இலிருந்து எச்8 வரை ஓடும் நீண்ட மூலைவிட்டத்தைப் பார்க்கத் தொடங்கும். மந்திரியை இப்படிப் பக்கவாட்டில் நிறுத்துவதற்குத்தான் ஃபியான்கெட்டோ என்று பெயர்.

எதிராளிக்குத் தெரியாது என்பதற்காக மட்டும் ஒரு ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையை, எடுத்தால் நாலு ஆட்டம் கூடத் தாங்காது. 1.பி3-க்குப் பின்னால் தெளிவான ஒரு நோக்கம் இருக்கிறது: இ5 கட்டம். இந்த ஓப்பனிங்கில் வெள்ளை ஆடும் நல்ல நகர்த்தல்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இ5-ஐப் பற்றியவை. மோசமான நகர்த்தல்கள் பெரும்பாலும் அதை மறந்துவிட்டு ஆடியவை.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. கட்டங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற எழுத்தோடும் 1 முதல் 8 வரையான எண்ணோடும் எழுதியிருக்கிறேன். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல். × என்றால் வெட்டு, + என்றால் செக், ! என்றால் நல்ல நகர்த்தல். எண்ணுக்குப் பிறகு மூன்று புள்ளி (1...இ5) இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல். பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் பாதியில் வழி தப்பிவிடும்.

இது யாருடைய ஓப்பனிங்

ஆரன் நிம்சோவிச்சும் டென்மார்க்கின் பென்ட் லார்சனும் பெயர் கொடுத்தவர்கள். நடுப்பலகையைச் சிப்பாய்களால் நிரப்பாமல், தொலைவிலிருந்து காய்களால் கட்டுப்படுத்தலாம் என்ற சிந்தனையை வளர்த்தவர்களில் நிம்சோவிச் முக்கியமானவர். அவர் பெரும்பாலும் 1.குதிரை-எஃப்3 ஆடிவிட்டு அப்புறம் பி3-க்கு வருவார். முதல் நகர்த்தலிலேயே பி3 என்பதைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுவந்தவர் லார்சன். 1970-இல் பாபி ஃபிஷரும் இதைச் சில ஆட்டங்களில் எடுத்தார். டுக்மகோவ், மெக்கிங், ஃபிலிப், ஆண்டர்சன் ஆகியோரை இதில் வென்றார். இப்போது ஹிகாரு நகமுராவும் பாதுர் ஜொபாவாவும் வேக ஆட்டங்களில் இதை விரும்பி ஆடுகிறார்கள்.

எஞ்சினிடம் (ஆட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல்) கேட்டால் நிலை ஏறக்குறைய சமம் என்று சொல்லும். அதாவது முதல் நகர்த்தல் வெள்ளைக்குத் தரும் சிறிய முன்னிலையை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். பதிலுக்கு, எதிராளி தன் சொந்த மூளையால் யோசித்தே ஆகவேண்டிய ஒரு நிலை கிடைக்கிறது. நேரம் குறைவான ஆட்டங்களில் இது நல்ல வியாபாரம். நடுப்பலகையைச் சிப்பாய்களால் பிடித்து ஆடும் அடிப்படையே இன்னும் பிடிபடாதவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் 1.இ4-ஐக் கொஞ்ச காலம் ஆடட்டும்.

முதலில் ஒரு தோல்வியைப் பாருங்கள்

1970, பெல்கிரேடு. சோவியத் யூனியனுக்கும் உலகின் மற்ற நாடுகளுக்கும் இடையிலான அணிப் போட்டி. முதல் பலகையில் அப்போதைய உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு எதிராக லார்சன் வெள்ளை. இந்த ஓப்பனிங்கின் மிகப் பிரபலமான ஆட்டம் இதுதான், அதில் வெள்ளை 17 நகர்த்தல்களில் தோற்றது.

1.பி3 இ5 2.மந்திரி-பி2 குதிரை-சி6 3.சி4 குதிரை-எஃப்6 4.குதிரை-எஃப்3 இ4 5.குதிரை-டி4 மந்திரி-சி5 6.குதிரை×சி6 டி×சி6 7.இ3 மந்திரி-எஃப்5 8.ராணி-சி2 ராணி-இ7 9.மந்திரி-இ2, கறுப்பு ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது). 10.எஃப்4 குதிரை-ஜி4 11.ஜி3 எச்5 12.எச்3 எச்4 13.எச்×ஜி4 எச்×ஜி3 14.யானை-ஜி1.

இங்கே ஸ்பாஸ்கி 14...யானை-எச்1 என்று முழு யானையைத் தூக்கிக் கொடுத்தார். 15.யானை×எச்1 ஜி2 16.யானை-எஃப்1 ராணி-எச்4+ 17.ராஜா-டி1 ஜி×எஃப்1, சிப்பாய் ராணியாகிறது, செக். லார்சன் கைகொடுத்துவிட்டார்.

முடிவின் அழகில் மயங்காமல் நாலாவது நகர்த்தலுக்குத் திரும்புங்கள். வெள்ளை குதிரையை எஃப்3-இல் வைத்ததும் கறுப்பு இ4 தள்ளுகிறது. குதிரை டி4-க்கு ஓடுகிறது, பிறகு சி6-ஐ வெட்டுகிறது. ஒரே குதிரைக்கு மூன்று நகர்த்தல் செலவாகி, கடைசியில் அந்தக் குதிரையும் பலகையில் இல்லை. கறுப்புக்கோ டி வரிசை திறந்தது, மந்திரிகள் இரண்டும் வெளியே வந்தாயிற்று. வெள்ளையின் ராஜா கடைசிவரை நடுவிலேயே நின்றது.

இதிலிருந்து இந்த ஓப்பனிங்கின் முதல் விதி கிடைக்கிறது: கறுப்பின் சிப்பாய் இ5-இல் நின்று, அது இ4-க்குத் தள்ள முடிகிற வரை, உங்கள் ராஜா பக்கக் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவராதீர்கள். அதே ஆண்டு ஜீகனில் ஒலிம்பியாட் நடந்தபோது, உல்ஃப் ஆண்டர்சனுடன் ஆடிய காட்சி ஆட்டத்தில் ஃபிஷர் இதே 3.சி4 வரிசைக்குள் போனார். ஆனால் அவர் 4.இ3, அப்புறம் ஏ3, ராணி-சி2, டி3 எல்லாம் ஆடி இ4 தள்ளலுக்கு வழியில்லாமல் செய்துவிட்டு, எட்டாவது நகர்த்தலில்தான் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்தார்.

கறுப்பு 1...இ5 ஆடினால்

அதிகம் வரும் பதிலும் நேர்மையான பதிலும் இதுதான். 2.மந்திரி-பி2 வந்ததும் இ5 சிப்பாய் தாக்கப்படுகிறது. 2...குதிரை-சி6 என்று காப்பது வழக்கம். இங்கே 3.இ3 ஆடுங்கள். 3.சி4 தவறில்லை, ஆனால் 3.இ3 எஃப்1 மந்திரிக்குக் கதவைத் திறக்கிறது. அந்த மந்திரி பி5-க்குப் போய் சி6 குதிரையைத் தாக்கினால், இ5-ஐக் காக்கும் காயையே நீங்கள் மிரட்டுகிறீர்கள். ஒரு மந்திரி சிப்பாயைப் பார்க்கிறது, இன்னொன்று அதன் காவலாளியைப் பார்க்கிறது. 1.பி3-இன் முழுத் தர்க்கமும் இந்த இரண்டு மந்திரிகளில் அடங்கிவிடுகிறது.

3...குதிரை-எஃப்6 என்றால் 4.மந்திரி-பி5. இப்போது மந்திரி×சி6, பிறகு மந்திரி×இ5 என்று ஒரு சிப்பாயை எடுக்கும் மிரட்டல் உண்மையானது. உதாரணத்துக்குக் கறுப்பு யோசிக்காமல் 4...மந்திரி-இ7 ஆடினால் 5.மந்திரி×சி6 டி×சி6 6.மந்திரி×இ5. அடுத்து கறுப்பு 6...ராணி-டி5 ஆடி இ5 மந்திரியையும் ஜி2-ஐயும் ஒன்றாகப் பார்த்தால், 7.குதிரை-எஃப்3 இரண்டையும் காத்துவிடுகிறது. ஒரு சிப்பாய் லாபம் கையில். குதிரை எஃப்3-க்கு வரும் சரியான நேரம் இது. இ5-இல் இப்போது தள்ள எந்தச் சிப்பாயும் இல்லை.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் 4...மந்திரி-டி6 அல்லது 4...டி6 ஆடுவார்கள்.

4...மந்திரி-டி6 பார்க்க அசிங்கமாக இருக்கும், டி சிப்பாயின் வழியையே அது அடைக்கிறது. ஆனாலும் இ5 பலமாகிறது. இதற்கு எனக்குப் பிடித்த பதில் 5.குதிரை-ஏ3. ஓரத்துக் குதிரை ஆகாது என்று எல்லாரும் படித்திருப்போம். இங்கே அது ஓரத்தில் தங்கப் போவதில்லை, சி4-க்குப் போய் டி6 மந்திரியையும் இ5 சிப்பாயையும் ஒன்றாகத் தொந்தரவு செய்யப் போகிறது. கறுப்பு 5...மந்திரி×ஏ3 6.மந்திரி×ஏ3 என்று மாற்றிக்கொண்டால், ஏ3 மந்திரி எஃப்8 வரை பார்ப்பதால் கறுப்பால் உடனே கேஸ்லிங் செய்ய முடியாது. 5...ஏ6 என்றால் 6.மந்திரி×சி6 டி×சி6 7.குதிரை-சி4, இ5 மறுபடியும் நெருக்கடியில். 5...குதிரை-ஏ5 என்று குதிரை விலகினால் மந்திரியை இ2-க்கு இழுத்துக்கொண்டு சி4 தள்ளுங்கள். ஓரத்தில் மாட்டிய குதிரை இப்போது அவர்களுடையது.

4...டி6 இன்னும் உறுதியானது. இங்கே குதிரையை இ2-இல் வையுங்கள்: 5.குதிரை-இ2. எஃப் சிப்பாயின் வழி திறந்திருக்கும், இ4 தள்ளலாலும் பயமில்லை. கேஸ்லிங் முடித்த பிறகு எஃப்4 அல்லது டி4, எது பொருந்துகிறதோ அதைக் கொண்டு இ5-ஐ உடைக்கலாம். இடையில் கறுப்பு ஏ6 ஆடிக் கேட்டால் மந்திரி×சி6+ வெட்டத் தயங்காதீர்கள். பி×சி6 ஆனதும் சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் நிற்கும், அது ஆட்டம் முழுக்கக் கறுப்புக்குச் சுமை.

3...டி5: கூர்மையான பாதை

இ5, டி5 இரண்டிலும் சிப்பாயை நிறுத்தி நடுப்பலகையை முழுசாக எடுத்துக்கொள்கிறது கறுப்பு. பார்க்க வெள்ளைக்கு ஆபத்துபோல் தெரியும். உண்மையில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய நிலை இதுதான், ஏனென்றால் டி7 காலியாகிவிட்டது. 4.மந்திரி-பி5 ஆடியதும் சி6 குதிரை ராஜாவோடு ‘பின்’ (pin) ஆகிவிடுகிறது, அதாவது அது நகர்ந்தால் ராஜா செக்கில் விழும். அந்தக் குதிரையால் இப்போது எதையும் வெட்ட முடியாது.

கறுப்பின் நல்ல பதில் 4...மந்திரி-டி6. உடனே 5.எஃப்4! இந்தச் சிப்பாய்தான் ஆட்டத்தின் உயிர். வெள்ளை எஃப்×இ5 ஆடி, கறுப்பு மந்திரி×இ5, வெள்ளை மந்திரி×இ5 என்று போனால், ‘பின்’ ஆன குதிரையால் திருப்பி வெட்ட முடியாது. ஒரு மந்திரியே லாபம். இதைக் கவனிக்காமல் 5...குதிரை-எஃப்6 ஆடுபவர்கள் நிறையப் பேர். 6.எஃப்×இ5 வந்ததும் சிப்பாய் டி6 மந்திரியையும் எஃப்6 குதிரையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது.

5...இ×எஃப்4 என்று சிப்பாயை எடுத்தால் ஜி7 திறந்துகொள்கிறது: 6.மந்திரி×ஜி7. கறுப்பு சும்மா இருக்காது, 6...ராணி-எச்4+ 7.ராஜா-எஃப்1 எஃப்×இ3 என்று வரும். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். எச்8 யானை வாயைத் திறந்துகொண்டு கூப்பிடும், 8.மந்திரி×எச்8 என்று எடுத்தால் 8...ராணி-எஃப்2 செக்மேட். 8.குதிரை-எஃப்3 ஆடி ராணியை விரட்டலாம் என்று நினைத்தாலும் அதே எஃப்2, அதே செக்மேட். முதலில் 8.ராணி-இ2 ஆடி எஃப்2-ஐக் காத்துக்கொள்ளுங்கள். யானை எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த நகர்த்தலில் எடுக்கலாம்.

5...ராணி-எச்4+ என்று முதலிலேயே செக் கொடுத்தால் 6.ஜி3 ராணி-இ7 7.குதிரை-எஃப்3. ஜி3 தள்ளியதால் ராஜா பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், ஆனால் இ5 மேல் அழுத்தம் தொடர்கிறது. 5...எஃப்6 என்று கறுப்பு இ5-ஐச் சிப்பாயால் காத்தால், ஜி8 குதிரைக்குரிய கட்டம் போய்விடுகிறது. அவசரப்படாமல் காய்களை வெளியே கொண்டுவாருங்கள், சரியான நேரத்தில் சி6-ஐ வெட்டுங்கள்.

நாலாவது நகர்த்தலில் 4...ராணி-ஜி5 என்று ஜி2-ஐக் குறிவைப்பவர்களும் உண்டு. பதற வேண்டாம். 5.குதிரை-எஃப்3 ராணி×ஜி2 6.யானை-ஜி1 ராணி-எச்3 7.குதிரை×இ5. சிப்பாய் கணக்கு சமம். உங்கள் காய்கள் வேலைக்கு வந்துவிட்டன, கறுப்பு ராணி மட்டும் தனியாகச் சுற்றுகிறது, சி6 குதிரை இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

கறுப்பு 1...டி5 ஆடினால்

இப்போது இ5-இல் சிப்பாய் இல்லை. கட்டமே உங்களுக்காகக் காத்திருக்கிறது, அதில் ஒரு குதிரையை நிறுத்துவதுதான் வேலை. 2.மந்திரி-பி2 குதிரை-எஃப்6 3.இ3 இ6 என்று சாதாரணமாகப் போனால் எஃப்4, குதிரை-எஃப்3, மந்திரி-டி3, கேஸ்லிங், குதிரை-இ5 என்று அடுக்கலாம். எஃப்1-இல் இருக்கும் யானை எஃப்3 வழியாக எச்3-க்கு வரும். பி2 மந்திரியும் டி3 மந்திரியும் ஜி7-ஐயும் எச்7-ஐயும் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் நிற்கும்.

இந்த அமைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்துகொள்ள 1889-இல் ஆம்ஸ்டர்டாமில் இமானுவல் லாஸ்கர் பவர் என்பவருக்கு எதிராக ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். அது 1.எஃப்4-இல் தொடங்கியது, ஆனால் மூன்றாவது நகர்த்தலில் பி3 வந்து இதே வடிவம்தான். கறுப்பு ராஜா பக்கம் கேஸ்லிங் முடித்திருக்கிறது, வெள்ளையின் மந்திரிகள் டி3-இலும் இ5-இலும், ராணி இ2-இல். 14.குதிரை-எச்5 குதிரை×எச்5 15.மந்திரி×எச்7+ ராஜா×எச்7 16.ராணி×எச்5+ ராஜா-ஜி8 17.மந்திரி×ஜி7! முதல் மந்திரி போனதுமே இரண்டாவதும் போகிறது. 17...ராஜா×ஜி7 18.ராணி-ஜி4+ ராஜா-எச்7 19.யானை-எஃப்3, அடுத்து எச்3-இல் செக்மேட் மிரட்டல். கறுப்பு 19...இ5 20.யானை-எச்3+ ராணி-எச்6 என்று ராணியைக் கொடுத்துத் தப்பியது, 21.யானை×எச்6+ ராஜா×எச்6 22.ராணி-டி7. இந்தக் கடைசி நகர்த்தல் பி7, இ7 இரண்டு மந்திரிகளையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. கணக்கு சரியாக வருவதற்குக் காரணமே அந்த டி7 நகர்த்தல்தான். இரண்டு மந்திரி தியாகத்தை உங்கள் ஆட்டத்தில் செய்யத் தோன்றினால், அதன் கடைசியில் இப்படி ஒரு லாபம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மந்திரி டி3-இல் இருக்கும்போது கறுப்புக் குதிரை பி4-க்கு வந்து அதை மாற்றிக்கொள்ளப் பார்க்கும், ஒரு ஏ3 அதைத் தடுக்கும்.

கறுப்பு சி5, குதிரை-சி6 என்று வந்தால் மறுபடி பி5-தான்: 1.பி3 டி5 2.மந்திரி-பி2 சி5 3.இ3 குதிரை-சி6 4.மந்திரி-பி5. சி6-ஐ வெட்டி, சி5-இலும் சி6-இலும் இரட்டைச் சிப்பாய்களை உண்டாக்குங்கள். பிறகு எஃப்4, குதிரை-எஃப்3, குதிரை-இ5. பி2 மந்திரி ஏ3-க்குத் திரும்பி சி5-ஐத் தாக்கும் வழியும் உண்டு. கறுப்பிடம் இரண்டு மந்திரிகளும் இருக்குமே என்று கவலைப்படாதீர்கள். இப்படிப் பூட்டிய நிலையில் இ5-இல் நிற்கும் குதிரைக்கு மதிப்பு அதிகம்.

2...மந்திரி-ஜி4 தொல்லையான நகர்த்தல். இ2 சிப்பாயை நகர்த்தினால் டி1 ராணி போய்விடும், ஆகவே 3.இ3 ஆட முடியாது. யோசிக்காமல் கை போகிற இடம் இது. 3.எச்3 மந்திரி-எச்5 4.ஜி4 மந்திரி-ஜி6 5.மந்திரி-ஜி2 என்று இரண்டாவது மந்திரியையும் பக்கவாட்டில் நிறுத்தி, பிறகு சி4 தள்ளி டி5-ஐ அழுத்தலாம். ராஜா பக்கம் திறந்துபோவதால் அங்கே கேஸ்லிங் செய்யும்முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

நிம்சோவிச்சின் வரிசையும் ஃபிஷரின் பதிலும்

1...இ5 பிடிக்கவில்லை என்றால் 1.குதிரை-எஃப்3 ஆடிவிட்டு 2.பி3 வைக்கலாம். இ5 உடனே வராது. அதற்கும் விலை உண்டு. 1971-இல் புவனஸ் ஐரஸில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் டிக்ரான் பெட்ரோசியன் இப்படித்தான் தொடங்கினார்: 1.குதிரை-எஃப்3 சி5 2.பி3 டி5 3.மந்திரி-பி2 எஃப்6! 4.சி4 டி4 5.டி3 இ5. ஃபிஷரின் சிப்பாய்கள் டி4, இ5, எஃப்6 என்று ஒன்றையொன்று தாங்கி நின்றன. பி2 மந்திரி அந்தச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தது. ஃபிஷர் வென்றார். முந்தைய ஆண்டு வெள்ளையாக 1.பி3 ஆடிய அதே மனிதருக்கு, அந்த மந்திரியை எப்படி அடைப்பது என்றும் தெரிந்திருந்தது.

எதிராளி எஃப்6, இ5, டி4 அமைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால், சி4 தள்ளி அவரை டி4-க்கு அழைக்காதீர்கள். முதலில் இ3, பிறகு டி4 தள்ளி நடுப்பலகையை நீங்களே திறவுங்கள். மூலைவிட்டம் அடைபட்டுவிட்டால் மூன்று வழி: இ×டி4 வெட்டித் திறப்பது, எஃப்4 தள்ளி இ5-ஐ உடைப்பது, இல்லையென்றால் மந்திரியை ஏ3-க்குத் திருப்பி எதிராளியின் நல்ல மந்திரியோடு மாற்றிக்கொள்வது. பி2-இல் அது சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருபது நகர்த்தல் ஆடுவதுதான் மோசம்.

மற்ற பதில்கள்

1...குதிரை-எஃப்6 2.மந்திரி-பி2 ஜி6 அடிக்கடி வரும். 3.மந்திரி×எஃப்6 இ×எஃப்6 4.சி4 என்று மந்திரியைக் கொடுத்து இரட்டைச் சிப்பாயை வாங்கலாம், டி5 கட்டம் உங்களுடையது. மந்திரியை விட மனமில்லை என்றால் 3.இ4 இருக்கிறது: குதிரை இ4-ஐ வெட்டினால் மூலைவிட்டம் திறந்து மந்திரி×எச்8.

1...ஜி6 என்று உடனே ஆடுபவர்கள் வேக ஆட்டத்தில் சுவாரசியமானவர்கள். 2.மந்திரி-பி2 வந்ததும் பழக்க தோஷத்தில் 2...மந்திரி-ஜி7 வைப்பார்கள். அந்த மந்திரியை எதுவும் காக்கவில்லை. 3.மந்திரி×ஜி7, அடுத்து எச்8 யானையும் மாட்டிக்கொண்டது. இணையத்தில் அடுத்த நகர்த்தலை முன்கூட்டியே போட்டுவைப்பவர்கள் இதில் விழுவது சகஜம்.

1...எஃப்5 2.மந்திரி-பி2 இ6 என்றால் 3.இ4! சிப்பாயை எடுத்தால் கதை முடிந்தது: 3...எஃப்×இ4 4.ராணி-எச்5+ ஜி6 5.ராணி-இ5. ராணி எச்8-ஐப் பார்க்கிறது. 5...குதிரை-எஃப்6 என்று மறைத்தால் 6.ராணி×எஃப்6 ராணி×எஃப்6 7.மந்திரி×எஃப்6, ஒரு குதிரை லாபம், யானையும் மிரட்டலில். 5...ராணி-எஃப்6 என்றாலும் 6.ராணி×எஃப்6 குதிரை×எஃப்6 7.மந்திரி×எஃப்6, அதே கதை.

1...சி5-க்கு மந்திரி-பி2, இ3 என்று அதே பாணி போதும். இ5 வந்தால் பி5 மந்திரி தயார். 1...பி6 ஆடி உங்களையே நகலெடுப்பவரிடம் அவசரம் வேண்டாம், நடுப்பலகையில் முதலில் சிப்பாய் வைப்பவருக்குக் கொஞ்சம் வசதி.

நடு ஆட்டத்தில் எங்கே கண் வைப்பது

பி2 மந்திரியை ஆரம்பத்தில் எந்தக் காயும் காப்பதில்லை. ஏ1 யானையின் பார்வையும் டி1 ராணியின் பார்வையும் அங்கே எட்டாது. எதிராளியின் மந்திரி ஜி7-இல் இருந்து, எஃப்6 குதிரை எங்காவது தாக்கிக்கொண்டே விலகினால், பின்னால் பி2 காலி. ராணியை சி1-இலோ சி2-இலோ வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

ஏ5, ஏ4 என்று பி3 சிப்பாயை உரசிப் பார்ப்பது கறுப்பின் இன்னொரு வழக்கமான யோசனை. முன்கூட்டியே ஏ3 ஆடி வைத்தால், ஏ4 வரும்போது பி4 என்று தாண்டிப் போய்விடலாம்.

கறுப்பு காய்களைப் பின்வரிசையில் அடுக்கிவைத்துக் காத்திருந்தால் என்ன செய்வது? ஃபிஷர்–ஆண்டர்சன் ஆட்டத்துக்குத் திரும்பிப் போகலாம். ராஜா பக்கம் கேஸ்லிங் செய்த ஃபிஷர் 13.ராஜா-எச்1, 14.யானை-ஜி1, 16.ஜி4 என்று தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயையே தள்ளினார். அடுத்து ஒரு யானை ஜி3-க்கும் இன்னொன்று ஜி1-க்கும் வந்து சேர்ந்தன. நடுப்பலகை அசையாமல் இருந்ததால் அந்தத் துணிச்சலுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. டி3, இ3 சிப்பாய்கள் நடுவைப் பூட்டிவைத்திருக்க, பி2 மந்திரி ஜி7-ஐப் பார்க்க, ஜி வரிசையிலிருந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. 43 நகர்த்தல்களில் வெள்ளைக்கு வெற்றி. டி வரிசை திறந்திருந்தாலோ கறுப்பால் நடுவில் உடைக்க முடிந்தாலோ இதே ஜி4 உங்கள் ராஜாவைத்தான் கொல்லும். அதைப் பார்த்த பிறகே தள்ளுங்கள்.

பழகும் முறை

வரிகளை மனப்பாடம் செய்து இதைக் கற்க வேண்டியதில்லை. 1.பி3 இ5 2.மந்திரி-பி2 குதிரை-சி6 3.இ3 வரை பலகையில் வைத்துவிட்டு, அங்கிருந்து நண்பரோடு குறைந்த நேர ஆட்டங்கள் ஆடுங்கள், கறுப்பிலும் ஒரு முறை உட்காருங்கள். இ5-ஐக் காப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று கறுப்பில் உட்கார்ந்தால்தான் புரியும். 3...டி5 4.மந்திரி-பி5 மந்திரி-டி6 5.எஃப்4 நிலையைத் தனியாக எடுத்துக்கொண்டு எச்4 செக் வரும் வழிகளையும், எஃப்2-இல் விழும் செக்மேட்டையும் கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்குப் பழகுங்கள். இந்த ஓப்பனிங்கில் மனப்பாடம் என்று ஏதாவது வேண்டுமென்றால் அது இங்கே மட்டும்தான்.

ஆடி முடித்த ஆட்டத்தைப் பார்க்கும்போது எஞ்சினின் எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் இ5 எப்போது யார் கைக்குப் போனது, பி2 மந்திரி எந்த நகர்த்தலில் அடைபட்டது, ஜி1 குதிரை எப்போது கிளம்பியது என்ற மூன்றையும் தேடுங்கள். தோற்ற ஆட்டங்களில் பதில் பெரும்பாலும் முதல் பத்து நகர்த்தலுக்குள்ளேயே கிடைத்துவிடும்.